நாளைக்கு வண்டிக்குப் பூசை

லாரிகள் தாமாகவே ஓடத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. மழை, மாடு, குறுக்கே பாயும் நாய், எதிரே வருகிற கல்யாண ஊர்வலம் என்று எல்லாவற்றையும் சமாளிக்கத் தெரிந்த தானோட்டிக்கு எலுமிச்சம்பழத்தை மட்டும் சமாளிக்கத் தெரியவில்லை. சக்கரத்தடியில் உருண்டையாக என்னவோ இருக்கிறது, எடுத்தால்தான் நகருவேன் என்று அடம்பிடித்து நிற்கும். நாமக்கல் பக்கத்து லாரிக்காரர்களா விட்டுக்கொடுப்பார்கள்? புது வண்டி நாலு பழத்தை நசுக்காமல் ரோட்டில் இறங்குவதாவது! கடைசியில் வண்டி செய்கிறவர்கள்தான் இறங்கி வந்தார்கள். பூசைக்கு மட்டும் தானோட்டியை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தார்கள். வண்டிக்காரர் கட்டைவிரலும் பட்டறை ஆளின் கட்டைவிரலும் சேர்ந்து அழுத்த வேண்டும். பழம் நசுங்கியதும் பட்டறை ஆள் திரும்பப் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

நறுமுகையின் கணவன் நவநீதன் அப்படிப்பட்ட ஒரு பட்டறை ஆள். செங்கோடன் என்பவரின் புது லாரிக்குக் கருப்பணார் கோயிலில் பூசை நடந்த அன்று, தானோட்டி நின்றது, பழம் நசுங்கியது, ஆனால் தானோட்டியைத் திரும்பப் போடவில்லை. கிடா விருந்தில் மூக்கு முட்டக் குடித்திருந்த செங்கோடன் தன் கையாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போய் ஏரிக்கரைப் பாலத்தின் சுவரில் மோதினார். அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பக்கத்தில் இருந்த நவநீதன் செத்துப்போனான்.

அவன் எதற்கு ஏறினான், ஏன் தானோட்டியைப் போடவில்லை என்று சொல்ல சாட்சி கிடையாது. பட்டறையில் எல்லோரும் போட்டிருக்கும் காதுமணி பேச்சு, உடம்பின் அசைவு, மனசின் ஓட்டம் எல்லாவற்றையும் பதிந்துவைக்கும். ஆனால் கோயிலுக்குள் போகும்போது அதைக் கழற்றித் தட்டில் வைப்பது வழக்கம், தட்டிலேயே கிடந்தது. செங்கோடனுக்கோ போதையில் ஒன்றும் நினைவில்லை. "என்னையத் தடுக்கத்தான் ஏறியிருப்பாருங்க" என்று அவரே விபத்து ஈட்டு மன்றத்தில் தலைகுனிந்து சொன்னார். அவரே ஒப்புக்கொண்டதால் காதுமணியின் பழைய பதிவுகளை யாரும் கிளறவில்லை, பிழை முழுவதும் அவர்மேல் விழுந்தது. ஜெயில் தண்டனையை அனுபவித்தார். காப்பீட்டுப் பணம் நறுமுகைக்கு வந்தது. அதற்கப்புறம்தான் இந்தக் கதை.

மன்றத்தின் தீர்ப்புப்படி, தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் நறுமுகை வீட்டு வாசல் கேட் திறக்கும். செங்கோடன் உள்ளே வந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், படியில் உட்கார்ந்து நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்வார். பட்டையின் ஓரத்தில் பச்சை விளக்கு எரியும். அதோடு செங்கோடன் போய்விடுவார். எழுந்து, செருப்பை ஒன்றன்மேல் ஒன்றாக உதறிவிட்டு, குழாயடியில் சளசளவென்று கால் கழுவி வருகிறவன் நவநீதன்.

"அம்முணி, வரக்காப்பி வெச்சிட்டியா?"

முகம் செங்கோடனுடையது, தொண்டையும் அவருடையதுதான். ஆனால் பேச்சின் இழுவையும், உட்கார்ந்ததும் இடது முழங்காலைத் தடவுகிற பழக்கமும் நவநீதனுடையவை. காதுமணி வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்ததிலிருந்து பிரித்தெடுத்த சாயல். நறுமுகை படியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். குரல் போதும் அவளுக்கு.

"தலையில என்ன அம்முணி, சுண்ணாம்பு ஒட்டியிருக்குது?"

"நரைங்க மாமா."

"ஒரே நாள்லயா? காத்தால கருகருன்னுதான இருந்துச்சு."

தினமும் இதே கேள்வி. செத்த நாளைச் சாயலிலிருந்து வெட்டி எடுத்துவிடுவது மன்றத்தின் வழக்கம், தான் செத்தது அதற்குத் தெரியக் கூடாது என்று. அதனால் நவநீதனுக்கு எல்லா மாலையும் பூசைக்கு முந்தின மாலைதான். முதல் நாள் கூட வந்த மன்ற அலுவலர் நறுமுகையிடம் ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொன்னார். "நாளையைப் பத்தி மட்டும் அவர்கிட்டப் பேசாதீங்கம்மா. உங்களுக்குத்தான் தாங்காது."

அவனாகவே ஆரம்பிப்பான். "நாளைக்குச் செங்கோடண்ணன் வண்டிக்குப் பூசை..." என்பான். நறுமுகை சட்டென்று மல்லிச்செடியைப் பற்றியோ, தண்ணீர் வராத குழாயைப் பற்றியோ பேச்சை மாற்றிவிடுவாள். அவனும் விட்டுவிடுவான். உலகத்தில் எந்தப் பெண்டாட்டிக்கும் கிடைக்காத கொடுப்பினை இது என்று சில நாள் தோன்றும். சில நாள், பச்சை விளக்கு அணைந்து செங்கோடன் எழுந்து போனபின், வெறும் படியைப் பார்த்துக்கொண்டு அழுவாள். அழுதாலும் மறுநாள் வரக்காப்பிக்குக் கருப்பட்டி தட்டி வைப்பதை அவள் மறந்ததில்லை.

ஒருநாள் மத்தியானம் செங்கோடனின் மனைவி தாரணி வந்தாள். இதற்கு முன் மன்றத்தில் தூரத்திலிருந்து பார்த்ததுதான். உள்ளே வரச் சொன்னதற்கு வாசலிலேயே நின்றாள்.

"உங்ககிட்ட ஒளிச்சு வெச்சுச் செய்யக் கூடாதுன்னு வந்தனுங்க. மறுபார்வைக்கு மனுப் போட்டிருக்கேன்."

நறுமுகை வாசலுக்கு இறங்கி வந்தாள். "எதுக்குங்கக்கா?"

"சாயங்காலம் ஒரு மணி நேரந்தான் உங்களுக்கு. சரி. ஆனா அதுக்கப்புறம் ஊட்டுக்கு வர்ற ஆளு யாருன்னு எனக்குத் தெரியலை கண்ணு. செருப்பை ஒதறிப்போட்டுட்டு, காலைக் கழுவிட்டு, 'அம்முணி, வரக்காப்பி'ங்கறாரு. என்ற ஊட்டுக்காரருக்குக் காப்பியே ஆகாது. என்னைய அம்முணின்னு ஒருநாளும் கூப்பிட்டதில்லை. 'ஏம்புள்ள'ம்பாரு, அவ்வளவுதான்." தாரணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவர் குடியை உடோணும்னு நான் கும்பிடாத சாமி இல்லை. உட்டுட்டாரு. ஆனா அவரையும் சேத்து உட்டுட்டு வந்திருக்காரு."

"எனக்கு ஆளே இல்லீங்களேக்கா" என்றாள் நறுமுகை. சொல்லும்போதே குரல் கூர்மையாகிவிட்டது அவளுக்கே தெரிந்தது.

"தெரியுமே. அதனாலதான் இத்தன நாளா வாயைத் திறக்கலை."

தாரணி போனதும் நறுமுகை வக்கீல் ரெஜினா மேரியைக் கூப்பிட்டாள். கேஸை ஆரம்பத்திலிருந்து நடத்தியவர் அவர்தான்.

"பயப்படாதே நறுமுகை" என்றார் ரெஜினா. "துணையிழப்புன்னு சட்டத்துல ரொம்பக் காலமா ஒரு தலைப்பு இருக்கு. புருஷனோட துணை போச்சு, அதுக்கு ஒரு தொகை. முன்னாடியெல்லாம் பணத்தைக் கட்டிட்டுக் கையைக் கழுவிட்டுப் போயிடுவாங்க. அடுத்த வாரமே திரும்பக் குடிச்சுட்டு ஓட்டுவாங்க. அதான் புதுச் சட்டம் வந்துது. போனது துணைன்னா, துணையாவேதான் திருப்பிக் குடுக்கணும். அந்தம்மா கஷ்டம் நிஜந்தான். ஆனா அதுக்காக மன்றம் உன் நேரத்தைக் குறைக்காது."

"அப்ப எதுக்குத்தாங்க மேடம் குறைப்பாங்க?"

"பிழையில உன் வீட்டுக்காரருக்கும் பங்கு இருக்குன்னு வந்தாத்தான். பங்குப் பிழைன்னா கணக்கே மாறிடும். இதுவரைக்கும் குடுத்ததே போதும்னு முடிச்சுடலாம். விசாரணையில உன்னைக் கேப்பாங்க, உனக்குத் தெரிஞ்சு அப்படி ஏதாவது இருக்கான்னு."

"ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப தைரியமா இரு."

போனை வைத்த பிறகுதான் தைரியம் போயிற்று. தடுக்கத்தான் ஏறினான் என்று ஊரே சொன்னது. அவளும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்தாள். ஆனால் நவநீதன் யாரையும் தடுக்கிற ஆள் இல்லையே? சினிமாவுக்கு நடுவில் எழுந்து போகிறவர்களுக்குக்கூட வழிவிட்டு எழுந்து நிற்கிறவன். இதை யோசிக்கவே கூடாது என்று அடுப்படியில் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். யோசனை கூடவே வந்தது.

சாயங்காலம் பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. கால் கழுவி வந்தான், சுண்ணாம்பைக் கேட்டான், காப்பி குடித்தான்.

"நாளைக்குச் செங்கோடண்ணன் வண்டிக்குப் பூசை..."

நறுமுகை பேச்சை மாற்றவில்லை.

"பூசை முடிஞ்சதும் என்ன பண்ணப் போறீங்க மாமா?"

அவன் முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்தான். "சொன்னா வைவே."

"வையலை. சொல்லுங்க."

"அண்ணன்கிட்ட நாளைக்குக் கேட்டுக்குவேன். பழம் நசுங்குனதும் தானோட்டியப் போட மாட்டேன். கையிலயே ஓட்டச் சொல்லிட்டு நானும் முன்னால ஏறிக்குவேன். பாலம் வரைக்குந்தான். எங்கப்பன் லாரி ஓட்டறப்ப மடியில உக்கார வெச்சு ஸ்டீரிங்கைப் பிடிக்க உடுவாரு. கைமேல கை வெச்சுக்குவாரு. வண்டி ஒதறுறது நெஞ்சுக்குள்ள ஒதறும் அம்முணி. நாஞ் செஞ்சு உடுற வண்டியெல்லாம் பொணம் போறாப்பல போவுது. ஒருக்காவாச்சும் மனுசன் ஓட்டுற வண்டியில போய்ப் பாக்கோணும்."

"கிடா விருந்து வெச்சிருக்காங்களே. அந்தண்ணன் குடிப்பாரே."

"குடிப்பாரு. குடிக்காம இருப்பாரா? கொஞ்ச தூரந்தான, நாம் பக்கத்துல இருக்கேன்ல?"

"வேண்டாம் மாமா."

"பாக்கலாம் அம்முணி."

எதைச் சொன்னாலும் அவன் வாயில் வருவது இதுதான். கூரை ஓட்டை மாற்றச் சொன்னாலும் பாக்கலாம், டாக்டரிடம் போகச் சொன்னாலும் பாக்கலாம். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவன் 'சரி' என்று சொல்லி அவள் கேட்டதில்லை. மாட்டேன் என்று சொல்ல மனசு வராதவனின் பாக்கலாம் அது.

பச்சை விளக்கு அணைந்தது. செங்கோடன் பட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். எழுந்திருக்கவில்லை.

"கேட்டுட்டுத்தான இருந்தீங்க?" என்றாள் நறுமுகை. இத்தனை வருஷத்தில் அவரிடம், அவராக இருக்கும்போது, அவள் பேசிய முதல் பேச்சு இது.

"உள்ளயேதான இருக்கறனுங்க. கேக்காம எப்பிடி?"

"உங்களுக்கு இது புதுசா?"

"இல்லீங்க. அவரு வாய்ல வராததும் எனக்குத் தெரியும். பட்டையக் கட்டுன மொத வாரமே தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன் மன்றத்துல சொல்லலை? பாதிப் பிழை போயிருக்குமே. ஊட்டோட இருந்திருப்பீங்களே."

"அவரு ஆசைப்பட்டாருங்க. ஆசைப்பட்டவரு ஒரு சொட்டுத் தொடலை. நான் தொட்டேன். நாந் தெளிவா இருந்திருந்தா, பாலத்துக்கிட்டப் போயித் திருப்பிக் கொண்டாந்து உட்டிருப்பேன். இந்நேரம் ரெண்டு பேரும் அதச் சொல்லிச் சிரிச்சிட்டு இருந்திருப்போம்." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "செத்தவரு தலையில பாதியத் தூக்கி வெச்சுட்டு எனக்குச் சோறு எறங்குமுங்களா? இன்னொண்ணும் இருக்குது. சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. ஊர்ல எவனும் எம் மூஞ்சியப் பாக்கறதில்லை. நாள் முழுக்க இந்த ஒரு மணி நேரந்தான் எனக்காவ ஒருத்தர் காப்பி வெச்சுட்டுக் காத்திருக்கறாப்பல இருக்குது. எனக்காவ இல்லைன்னு தெரியும். இருந்தாலும்..."

"அக்கா காத்திருக்காங்களே."

"அவ பழைய செங்கோடனுக்குல்ல காத்திருக்கறா. அவனைத் தேடிப் பிடிக்க என்னாலயே ஆகலீங்க." எழுந்தார். "நாளான்னிக்கு மன்றத்துல நானாச் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம். இப்பிடியே போகட்டும்."

எப்போதும்போல நடந்தே போனார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை.

இப்பிடியே போகட்டும். எவ்வளவு சுலபமான வார்த்தை! அவள் ஒரு வார்த்தை பேசாமலிருந்தால் போதும், நவநீதன் சாகும்வரை வருவான், யார் சாகும்வரை என்று மட்டும் கேட்கக் கூடாது. அவனை மறுபடி சாகக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதுவும் தன் வாயால். ஊருக்கு முன்னால் அவன்தான் கேட்டான், அவன்தான் போடாமல் விட்டான் என்று சொல்லி. அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது. செத்தவன்மேல் கோபப்பட்டு எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்தபோது அழுகையும் வந்தது. ஆனால் மனசு போய்ப் போய்த் தாரணியின் வாசலில்தான் நின்றது. அங்கே ஒருத்தி தன் புருஷன் காலைக் கழுவும் சத்தத்தைக் கேட்டு, இது யார் என்று பயந்துகொண்டு நிற்கிறாள். அந்தச் சத்தம் நறுமுகை வீட்டுச் சத்தம். அதைத் தான்தான் அங்கே அனுப்பி வைக்கிறோம் என்று தெரிந்தபின் அதைத் தெரியாததாக்க அவளால் முடியவில்லை.

மன்றத்தில் கூட்டமில்லை. நடுவர் ஒரு வயதான அம்மாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "பிழையின் பங்கைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது ஏதாவது இருக்காம்மா?"

ரெஜினா பக்கத்திலிருந்து இல்லை என்பதுபோல் தலையசைத்தார். எதிர்ப்பக்கம் செங்கோடன் வேண்டாம் என்பதுபோல் பார்த்தார். தாரணி யாரையும் பார்க்கவில்லை.

"இருக்குதுங்க" என்றாள் நறுமுகை. "தானோட்டியப் போட வேண்டாம்னு சொன்னது என்ற ஊட்டுக்காரருங்க. அவரு தடுக்க ஏறலை. ஆசைப்பட்டு ஏறுனாரு."

ரெஜினா கண்ணை மூடிக்கொண்டார். நடுவர் சாயலைச் சரிபார்க்கச் சொல்லி, பிற்பகலில் தீர்ப்பைப் படித்தார். குடித்துவிட்டு ஓட்டியவரின் பிழைதான் பெரிது. இறந்தவருக்கும் ஒரு பங்கு உண்டு. இதுவரை கொடுத்த மாலை நேரங்கள் அந்தப் பெரிய பங்குக்கு ஈடாகிவிட்டன. பட்டையை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். இன்றைய மாலை மட்டும் மிச்சம்.

வெளியே வரும்போது தாரணி அவள் கையைப் பிடித்தாள். அப்படியே பிடித்துக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு கேட் திறந்தது. அன்றைக்கு நறுமுகை கருப்பட்டியைத் தாராளமாகவே போட்டாள். அவன் கால் கழுவினான். சுண்ணாம்பைக் கேட்டான். நரைங்க மாமா என்றாள். மல்லிச்செடி பூத்திருப்பதைக் காட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் குடை கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க வருகிற சாக்கில் நாலு தடவை வந்த கதையை அவனே சொன்னான், அவள் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டாள். பட்டையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் குறைவது தெரியாமலிருந்தால் நல்லது.

"நாளைக்குச் செங்கோடண்ணன் வண்டிக்குப் பூசை."

"தெரியுமுங்க மாமா. அந்த வண்டியில ஏறாதீங்க."

"பாக்கலாம் அம்முணி."

"பாக்கலாம் வேண்டாம். நான் உங்ககிட்ட இதுவரைக்கும் எதையும் பிடிவாதமாக் கேட்டதில்லை. இது ஒண்ணுதான் கேக்கறேன். அந்தண்ணன் குடிச்சிருப்பாரு. தானோட்டியப் போட்டுட்டு நேரா ஊட்டுக்கு வந்துருங்க. நான் காப்பி வெச்சிருப்பேன். எனக்கு நீங்க வேணும் மாமா. நரைக்கிற வரைக்கும் வேணும்."

தெருவில் தானோட்டி லாரி ஒன்று சத்தமில்லாமல் போயிற்று. எங்கோ குக்கர் கூவியது. அவள் கேட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

"சரி அம்முணி" என்றது குரல். "ஏறலை. நீ காப்பி வெச்சிரு."

சரி என்றான். நவநீதன் சரி என்றான். அப்புறம் நறுமுகை மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

பட்டையில் பச்சை விளக்கு இல்லை. எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. செங்கோடன் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். கன்னம் நனைந்திருந்தது. அவள் பார்ப்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் திரும்பவில்லை.

அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இருட்டப் போவுதுங்கண்ணா" என்றாள். "கௌம்புங்க. அக்கா தேடிட்டிருப்பாங்க."